வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டு வாழ்த்து அட்டை செய்வது எப்படி: முதல் மடிப்பிலிருந்து உறை வரை

வாழ்த்து அட்டையைக் கையால் செய்து பார்க்க விரும்புபவர்கள் பெரும்பாலும் ஜிகினா, வண்ணத் தாள், மணி, நாடா என்று அலங்காரப் பொருள்களைச் சேர்ப்பதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அட்டை முடிந்த பிறகு ஏதோ ஒரு குறை கண்ணில் படும். அதை மறைக்க மேலும் கொஞ்சம் ஜிகினா தூவப்படும். அந்தக் குறை அலங்காரத்தில் இருப்பது அரிது. மடிப்பு கோணலாக இருக்கும், விளிம்பு பிசிறடித்திருக்கும், பசையின் ஈரத்தால் தாள் சுருங்கியிருக்கும். நேராக வெட்டி, கூர்மையாக மடித்து, சுருக்கமின்றி ஒட்டிய அட்டையில் ஒரே ஒரு இலையின் உருவத்தைப் பதித்தால்கூட அது நிறைவாகத் தெரியும். ஆகவே இந்தக் கட்டுரை தாள், வெட்டு, மடிப்பு ஆகியவற்றுக்கே அதிக இடம் தருகிறது. அலங்காரம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

தேவையான கருவிகள்

தனியாக வாங்க வேண்டியவை என்று அநேகமாக எதுவும் இல்லை. எஃகு ஸ்கேல் ஒன்று, பென்சில், அழிரப்பர், கத்தரிக்கோல், கட்டர் கத்தி, மை தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனா, கரண்டி, தையல் ஊசி, பழைய செய்தித்தாள்கள், கனமான சில புத்தகங்கள் ஆகியவை போதும். ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை, பசைக்குச்சி, இருபக்கமும் ஒட்டும் டேப் ஆகிய மூன்றில் ஏதேனும் இரண்டு இருந்தால் நல்லது. பிளாஸ்டிக் ஸ்கேலைக் கோடு போட மட்டுமே பயன்படுத்த வேண்டும். அதன் ஓரமாகக் கட்டரை ஓட்டினால் கத்தி ஸ்கேலையே சீவிவிடும், அதன் பிறகு அந்த ஸ்கேலில் நேர்கோடு என்பதே கிடையாது. மை தீர்ந்த பேனாக்களைத் தூக்கி எறியும் வழக்கம் உள்ளவர்கள் இனி ஒன்றையாவது எடுத்து வைக்கவும். இந்த வேலையின் மிக முக்கியமான கருவி அதுதான்.

தாளைத் தேர்ந்தெடுத்தல்

தாளின் கனத்தை ஜி.எஸ்.எம். என்ற அளவால் குறிக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை கொண்டது என்பதே அதன் பொருள். நகலெடுக்கப் பயன்படும் சாதாரணத் தாள் பெரும்பாலும் 70 முதல் 80 ஜி.எஸ்.எம். வரை இருக்கும், அதில் செய்த அட்டை மேசைமீது நிற்காமல் சரிந்துவிடும். 200 முதல் 300 ஜி.எஸ்.எம். வரையுள்ள கெட்டித் தாள் வாழ்த்து அட்டைக்கு ஏற்றது. புதியவர்கள் 220 அல்லது 250 அளவில் தொடங்குவது நல்லது, ஏனெனில் 300-க்கு மேல் போனால் வெட்டுவதும் மடிப்பதும் கைக்குக் கடினமாகிவிடும். வீட்டில் கிடக்கும் பழைய கோப்பு அட்டை, ஓவியப் புத்தகத்தின் மீந்த பக்கம், சட்டை மடிப்புக்குள் வைத்து வரும் வெள்ளை அட்டை ஆகியவற்றையும் பயன்படுத்தலாம். வழவழப்பான பூச்சுள்ள தாள் பார்க்க அழகாக இருந்தாலும் அதில் ஜெல் பேனாவின் மை எளிதில் காயாது. முதல் முயற்சிக்குப் பூச்சில்லாத தாளே பாதுகாப்பானது.

கனத்தைப் போலவே கவனிக்க வேண்டிய இன்னொன்று, தாளின் இழையோட்டம். எந்திரத்தில் தாள் உருவாகும்போது, ஓடும் வலைப்பட்டையின் திசையிலேயே மரக்கூழின் நார்கள் பெரும்பாலும் படிகின்றன. அதனால் ஒவ்வொரு தாளும் ஒரு திசையில் எளிதாக வளையும், மறு திசையில் முரண்டு பிடிக்கும். நார்களுக்கு இணையாக மடித்தால் மடிப்பு மழமழவென்று அமையும். குறுக்கே மடித்தால் நார்கள் முறிந்து, மடிப்பின் மேல் வெடிப்புகள் தெரியும். அடர் நிறத் தாளில் அந்த வெடிப்பு வெள்ளைக் கோடாகவே எழுந்து நிற்கும். நான் முதன்முதலில் கருநீலத் தாளில் ஆறு அட்டைகள் செய்தேன். ஆறின் முதுகிலும் நரை விழுந்ததைப் போலிருந்தது. பேனாவையும் கரண்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான், பிழை கருவியில் இல்லை, தாளை வைத்த திசையில் இருக்கிறது என்பது விளங்கியது.

திசையைக் கண்டுபிடிப்பது எளிது. தாளை மேசைமீது வைத்து, ஓரத்தைத் தூக்கி மறு ஓரத்தை நோக்கி வளைத்து, மடித்துவிடாமல் உள்ளங்கையால் இலேசாக அழுத்திப் பார்க்க வேண்டும். பிறகு தாளைக் கால் வட்டம் திருப்பி அதையே செய்ய வேண்டும். எந்த வளைவு கையை எதிர்க்காமல் அடங்குகிறதோ, அந்த வளைவின் முதுகுக்கு இணையாகத்தான் நார்கள் ஓடுகின்றன. சந்தேகம் தீரவில்லை என்றால் ஓரத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி, ஒரு பக்கத்தை மட்டும் நனைத்துப் பார்க்கலாம். நார்கள் நனையும்போது நீளத்தில் அதிகம் மாறாமல் அகலத்தில் பருப்பதால், துண்டு குழல்போலச் சுருளும். அந்தக் குழலின் நீளவாக்கே இழையோட்டத்தின் திசை.

அளவு

ஏ4 தாள் 210 மி.மீ. அகலமும் 297 மி.மீ. உயரமும் கொண்டது. அதைப் பாதியாக வெட்டினால் ஏ5, மீண்டும் பாதியாக்கினால் ஏ6. எத்தனை முறை பாதியாக்கினாலும் நீள அகல விகிதம் மாறாதபடி இந்த அளவுகள் வகுக்கப்பட்டுள்ளன. 1922-இல் ஜெர்மனியில் தரநிலையாக அறிவிக்கப்பட்ட இந்த முறையே பின்னர் உலகத் தரமாயிற்று. இதனால் நமக்குக் கிடைக்கும் நன்மை, ஒரு ஏ4 தாளிலிருந்து சிறிதும் வீணாகாமல் இரண்டு அட்டைகள் செய்யலாம் என்பது. தாளைக் குறுக்கே பாதியாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் நடுவில் மடித்தால் 105 மி.மீ. அகலமும் 148 மி.மீ. உயரமும் கொண்ட ஏ6 அட்டை கிடைக்கும். கையில் பிடிக்க வாகான அளவு இது.

இங்கே இன்னொரு வசதியும் உண்டு. ஏ4 தாள்களில் நார்கள் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுகின்றன. அப்படிப்பட்ட தாளை முழுதாக எடுத்து நடுவில் குறுக்கே மடித்துப் பெரிய அட்டை செய்தால் மடிப்பு நார்களுக்கு எதிராக விழும். ஆனால் முதலில் பாதியாக வெட்டி, பிறகு மேலே சொன்னபடி மடித்தால் மடிப்பு நார்களோடு இசைந்து போகும். ஆகவே புதியவர்களுக்குப் பெரிய அட்டையைவிடச் சிறிய அட்டையே எளிது.

வெட்டுதல்

மேசையின் மேல் தடித்த அட்டையையோ பல மடிப்புச் செய்தித்தாளையோ விரித்துக்கொள்ள வேண்டும். ஏ4 தாளின் நீளமான இரண்டு ஓரங்களிலும் ஒரே முனையிலிருந்து அளந்து 148.5 மி.மீ. தூரத்தில் சிறு புள்ளிகள் வைத்து, அவற்றை ஸ்கேலால் இணைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அளந்துவிட்டு மறுபக்கத்தைக் கண் மதிப்பில் விடுவதுதான் கோணலுக்கு முதற்காரணம். எது நமக்கு வேண்டிய பகுதியோ அதன் மேல் ஸ்கேலை வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். கத்தி நழுவினாலும் கழிவுப் பகுதியில்தான் கீறல் விழும்.

கட்டரை ஒரே இழுப்பில் அழுத்தி வெட்ட முயலக் கூடாது. முதல் இழுப்பு கோட்டைக் கீறினால் போதும். இரண்டாவதும் மூன்றாவதும் அதே தடத்தில் தாமாகவே போகும். அழுத்த அழுத்தத்தான் கத்தி வழி மாறுகிறது, விரலும் ஆபத்துக்குள்ளாகிறது. ஸ்கேலைப் பிடித்த கையின் விரல்கள் ஓரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கத்தியின் பாதையில் எந்த விரலும் இருக்கக் கூடாது. தாள் வெட்டப்படாமல் கிழிபடத் தொடங்கினால் முனை மழுங்கிவிட்டது என்று பொருள். முனையை ஒடித்துப் புதிய முனைக்கு மாற வேண்டும். ஒடிந்த துண்டை மூடியுள்ள ஒரு டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். சிறுவர்களோடு சேர்ந்து செய்பவர்கள் கட்டர் வேலை முழுவதையும் தாங்களே முடித்துவிட்டு, மடிப்பிலிருந்து அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மடித்தல்

கெட்டித் தாளை விரலால் அப்படியே மடித்தால் அது தனக்குப் பிடித்த இடத்தில்தான் மடியும். எங்கே மடிய வேண்டும் என்பதை நாம் முன்கூட்டியே கீறிக் காட்ட வேண்டும். வெட்டிய ஏ5 துண்டை ஐந்தாறு செய்தித்தாள்களின் மேல் வைத்து, 210 மி.மீ. பக்கத்தின் நடுவில், அதாவது 105 மி.மீ. தூரத்தில், மேலும் கீழும் புள்ளி வைக்க வேண்டும். ஸ்கேலை இரு புள்ளிகளுக்கும் பொருத்தி, மை தீர்ந்த பேனாவின் முனையால் ஒரே சீரான அழுத்தத்தில் இரண்டு மூன்று முறை கோடிழுக்க வேண்டும். தாள் கிழியாமல் ஒரு பள்ளம் மட்டும் விழ வேண்டும். அடியிலுள்ள செய்தித்தாள்கள் சற்று அமுங்கிக் கொடுப்பதால்தான் பள்ளம் நன்றாகப் பதிகிறது; வெறும் மேசையின் மேல் வைத்துக் கீறினால் தாள் நசுங்குமே தவிரக் குழியாது. பேனாவில் உண்மையிலேயே மை தீர்ந்துவிட்டதா என்பதை ஒரு கழிவுத் தாளில் அழுத்திக் கிறுக்கிப் பார்த்துக்கொள்வது அவசியம். தீர்ந்ததாக நினைத்த பேனா, நல்ல தாளைக் கண்டதும் எழுதத் தொடங்கும்.

கீறிய தாளைத் திருப்பிப் பார்த்தால் பள்ளத்துக்கு நேர் பின்னால் ஒரு மேடு எழும்பியிருக்கும். மடிக்கும்போது மேடு உட்புறமாகவும் பள்ளம் வெளிப்புறமாகவும் இருக்க வேண்டும். பார்வைக்கு இது தலைகீழாகத் தோன்றும்; பள்ளத்தை நோக்கி மடிப்பதுதானே இயல்பு என்று கை சொல்லும். ஆனால் மேடு உள்ளே இருந்தால்தான் வெளிப்பக்கத்து நார்கள் அதிகமாக இழுபடாமல் தப்புகின்றன. இரண்டு கழிவுத் துண்டுகளை எடுத்து இரண்டு விதமாகவும் மடித்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரிந்துவிடும்.

மடித்த பிறகு விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மடிப்பின் மேல் ஒரு துண்டுத் தாளை வைத்து, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து இரு முனைகளுக்கும் தேய்க்க வேண்டும். நேரடியாகத் தேய்த்தால் அந்த இடம் பளபளப்பாகிவிடும். துண்டுத் தாள் அதைத் தடுக்கிறது. மடித்த அட்டையில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரு மில்லிமீட்டர் முன்பின்னாக இருந்தால் கவலைப்பட வேண்டாம். மடித்த நிலையிலேயே ஸ்கேலை வைத்து இரண்டு அடுக்குகளையும் சேர்த்து ஓரத்தைச் சீவிவிடலாம்.

மடிப்பு கைவரும் வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் மடிப்பே இல்லாத ஒற்றை அட்டையிலிருந்தும் தொடங்கலாம். அதில் குறைவொன்றும் இல்லை. வணிக நோக்கில் வெளியான முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை என்று கருதப்படுவது 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஏற்பாடு செய்து, ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லி வரைந்தது. அது மடிப்பில்லாத ஒற்றை அட்டைதான். கல்லச்சில் கோடுகளை மட்டும் அச்சிட்டு, வண்ணத்தைக் கையால் தீட்டினார்கள்.

வேலையின் வரிசை

அலங்காரத்துக்குள் நுழையும் முன் வேலையின் வரிசையைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இதில் தவறினால் முடிந்த அட்டையைத்தான் இழக்க நேரும். வெட்டி, கீறி, ஒருமுறை மடித்துப் பார்த்த பிறகு அட்டையை மீண்டும் விரித்துவிட வேண்டும். அச்சுப் பதிப்பது, வண்ணம் தீட்டுவது, எழுதுவது ஆகியவை அனைத்தையும் தட்டையாக விரித்த நிலையிலேயே செய்து, முழுதாகக் காயவிட வேண்டும். உயரமாக நிற்கும் எதையும் கடைசியில்தான் ஒட்ட வேண்டும். பொத்தானையும் மணியையும் முதலில் ஒட்டிவிட்டுப் பிறகு உட்பக்கம் எழுத உட்கார்ந்தால், அட்டை மேசைமீது ஆடிக்கொண்டே இருக்கும்; எழுத்தும் அதோடு சேர்ந்து ஆடும்.

உருவம் பதித்தல்

வீட்டுப் பொருள்களில் மிக நல்ல அச்சு தருவது அழிரப்பர். ஒரு மெல்லிய தாளில் மென்மையான பென்சிலால் எளிய உருவம் ஒன்றை அழுத்தி வரைந்து, வரைந்த பக்கத்தை ரப்பரின் மேல் கவிழ்த்து, பின்னாலிருந்து நகத்தால் தேய்த்தால் உருவம் இடவலம் மாறி ரப்பரில் இறங்கிவிடும். அதைச் செதுக்கி அச்சிடும்போது மீண்டும் இடவலம் மாறி, முதலில் வரைந்தபடியே வரும். எழுத்துகளை நேரடியாக ரப்பரில் எழுதிச் செதுக்குபவர்கள் இதை மறந்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொள்வதுண்டு.

உருவத்தைச் சுற்றியுள்ள பகுதியைக் கட்டரின் முனையால் மெல்ல நீக்க வேண்டும். கத்தியை உருவத்திலிருந்து வெளிநோக்கிச் சாய்த்துப் பிடித்தால், எஞ்சி நிற்கும் கோட்டின் அடிப்பகுதி அகலமாகவும் மேற்பகுதி மெல்லியதாகவும் அமையும்; அப்படிப்பட்ட கோடு அழுத்தத்தில் வளையாது. உட்பக்கமாகச் சாய்த்து வெட்டினால் நாலைந்து அச்சுக்குள் கோடு பிய்ந்துவிடும். முதல் முயற்சிக்கு வட்டம், இலை, மீன், பிறை போன்ற எளிய வடிவங்களே போதும். ஒரே இலையை வெவ்வேறு கோணங்களில் ஏழெட்டு முறை பதித்தால் அது ஒரு கொடியாகிவிடும்.

மைத் திண்டு இல்லாதவர்கள் ஸ்கெட்ச் பேனாவால் ரப்பரின் மேற்பரப்பை நிரப்பி, அதன்மேல் வாயால் ஒருமுறை ஊதி ஈரப்படுத்தி உடனே பதிக்கலாம். பதிக்கும் தாளின் அடியில் சில செய்தித்தாள்களை வைத்தால் உருவம் முழுதாக விழும். ரப்பரை நேராக வைத்து, அசைக்காமல் அழுத்தி, நேராகத் தூக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, தாளில் சுற்றி வைப்பது நல்லது; பிளாஸ்டிக் பெட்டியில் அப்படியே போட்டு வைத்தால் சில ரப்பர்கள் பெட்டியோடு உருகி ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு வழி, துளைத்தாள். பழைய பிளாஸ்டிக் கோப்பின் உறையில் ஓர் உருவத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்தத் துளையின் வழியாகப் பஞ்சால் வண்ணத்தை ஒற்றும் முறை இது. பஞ்சில் வண்ணம் கிட்டத்தட்ட இல்லை என்னும் அளவுக்குக் குறைவாக இருக்க வேண்டும். முதலில் ஒரு கழிவுத் தாளில் நாலு முறை ஒற்றிவிட்டுத்தான் அட்டைக்கு வர வேண்டும். தேய்க்காமல், செங்குத்தாகத் தட்டித் தட்டி ஒற்ற வேண்டும். ஈரம் அதிகமானால் வண்ணம் துளைத்தாளின் அடியில் ஊடுருவி விளிம்பைக் கெடுத்துவிடும். இந்த முறையில் தமிழ் எழுத்துகளை வெட்ட விரும்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘ட’, ‘ப’ போன்ற எழுத்துகளில் மூடிய சுழி கிடையாது. அவற்றை அப்படியே வெட்டி எடுக்கலாம். ‘வ’, ‘ன’, ‘ள’ போன்றவற்றில் சுழிக்குள் இருக்கும் சிறு பகுதி வெட்டியதும் தனியே உதிர்ந்துவிடும். அந்தப் பகுதியை வெளித்தாளோடு இணைக்க ஒரு மெல்லிய பாலத்தை விட்டே வெட்ட வேண்டும்.

இலைகளையும் பூக்களையும் ஒட்டுவதென்றால் சில வாரங்களுக்கு முன்பே திட்டமிட வேண்டும். மெல்லிய, சாறு குறைந்த, தட்டையானவற்றைப் பறித்து, செய்தித்தாள் மடிப்புக்குள் வைத்து, கனமான புத்தகங்களின் அடியில் இட வேண்டும். வழவழப்பான பத்திரிகைத் தாள் ஈரத்தை உறிஞ்சாது என்பதால் உதவாது. முதல் சில நாள்களுக்குத் தாளை மாற்றிக்கொண்டே இருந்தால் பூஞ்சை பிடிக்காது. இரண்டு மூன்று வாரங்களில் அவை தாளைப் போலக் காய்ந்துவிடும். நீர் கலந்து இளக்கிய வெள்ளைப் பசையைத் தூரிகையால் பின்பக்கம் மெல்லத் தடவி ஒட்ட வேண்டும். வெளிச்சத்தில் நிறம் மங்கும் என்பதைத் தெரிந்துகொண்டே இதில் இறங்க வேண்டும்.

இவை தவிர, மெழுகு வண்ணக்குச்சியால் வரைந்து அதன்மேல் நீர்வண்ணம் பூசினால் மெழுகுள்ள இடம் மட்டும் வண்ணத்தை ஏற்காமல் பளிச்சென்று நிற்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை வண்ணத்தில் தோய்த்து விரலால் வருடினால் நட்சத்திரங்களைப் போலத் துளிகள் தெறிக்கும். மேசையை முதலில் மூடிவிடுவது நலம். ஊசியால் முன்கூட்டியே துளையிட்டு, வண்ண நூலால் அட்டையிலேயே தையல் போடலாம். துளையிடாமல் நேரடியாகத் தைத்தால் தாள் கசங்கும்.

ஒட்டுதல்

பசையில் புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றே ஒன்று: அதிகமாகப் பூசுவது. வெள்ளைப் பசையில் நீர் இருக்கிறது. நீர் பட்ட நார்கள் பருக்கின்றன. மெல்லிய தாள் அலை அலையாகிறது. ஆகவே மெல்லிய தாளைக் கெட்டித் தாளின் மேல் ஒட்டுவதற்குப் பசைக்குச்சி அல்லது இருபக்க டேப் ஏற்றது. பொத்தான், மணி, கயிறு போன்றவற்றுக்கு வெள்ளைப் பசை ஏற்றது. பூசும்போது அட்டையின் மேல் பூசாமல், ஒட்ட வேண்டிய துண்டைக் கழிவுத் தாளில் கவிழ்த்து வைத்து, நடுவிலிருந்து விளிம்புக்கு அப்பாலும் பசையை இழுத்துவிட வேண்டும். அப்போதுதான் ஓரங்கள் பின்னால் எழும்பாது. ஒட்டிய பிறகு இரு வெள்ளைத் தாள்களுக்கிடையே வைத்து, புத்தகங்களின் அடியில் சில மணி நேரம் விட்டுவிட வேண்டும். மாவில் காய்ச்சிய பசையும் ஒட்டும்தான். ஆனால் காய நேரமாகும், அதிலுள்ள மாவைத் தேடி ராமபாணப் பூச்சியும் வரும்.

ஒட்டுவதற்கு முன் எல்லாத் துண்டுகளையும் பசையின்றி அடுக்கிப் பார்ப்பது நல்லது. கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அரைமணி நேரம் கழித்து அந்தப் படத்தைப் பார்த்தால் எது தேவையில்லாதது என்பது தெரியும். என் அனுபவத்தில் அநேகமாக ஒவ்வொரு முறையும் ஒரு துண்டையாவது எடுத்துவிட வேண்டியிருந்திருக்கிறது. ஓர் உருவத்தை நட்டநடுவில் வைத்தால் அது சற்றுக் கீழே இறங்கியதைப் போலக் கண்ணுக்குத் தோன்றும். நடுவைவிடச் சில மில்லிமீட்டர் மேலே வைத்தால்தான் நடுவில் இருப்பதாகத் தெரியும். படங்களுக்குச் சட்டம் போடுபவர்கள் அடி ஓரத்தை அகலமாக விடுவதும் இதற்காகத்தான்.

எழுப்பு அட்டை

மடிப்பு கைவந்தவர்களுக்கு ஒரு சிறு வேடிக்கை. திறந்ததும் உள்ளிருந்து ஒரு பெட்டி எழும் அட்டையைப் பசையே இல்லாமல் செய்யலாம். இதற்கு அதிகக் கனமில்லாத, 120 முதல் 160 ஜி.எஸ்.எம். வரையுள்ள தாள் போதும். நடுவில் மடித்த ஒரு தாளை எடுத்து, மடிப்பு விளிம்பிலிருந்து உள்நோக்கி 4 செ.மீ. நீளத்துக்கு, 3 செ.மீ. இடைவெளியில், இரண்டு இணையான வெட்டுகளை இரு அடுக்குகளின் ஊடாகவும் போட வேண்டும். வெட்டுகளின் முனைகளை இணைக்கும் கோட்டில் பேனாவால் கீறி, அந்தப் பட்டையை முன்னும் பின்னும் ஒருமுறை மடித்துப் பழக்க வேண்டும். பிறகு தாளைத் திறந்து, பட்டையை உட்புறமாகத் தள்ளி, அதன் நடுமடிப்பை எதிர்த்திசைக்குத் திருப்பி, தாளை மூடி அழுத்த வேண்டும். மீண்டும் அரைகுறையாகத் திறந்தால் பட்டை படிக்கட்டைப் போல எழுந்து நிற்கும். அதன் முன்முகத்தில் ஓர் உருவத்தை ஒட்டிவிட்டால் உருவமும் சேர்ந்து எழும்.

வெட்டின் நீளத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. அட்டையை மூடும்போது பட்டையின் முனை, நடுமடிப்பிலிருந்து வெட்டின் நீளத்தைப் போல இருமடங்கு தூரத்துக்கு நீளும். 4 செ.மீ. வெட்டு என்றால் முனை 8 செ.மீ. தூரத்தில் இருக்கும், 105 மி.மீ. அகலமுள்ள அட்டைக்குள் அது மறைந்துவிடும். 6 செ.மீ. வெட்டினால் முனை 12 செ.மீ. வரை போய் அட்டைக்கு வெளியே எட்டிப் பார்க்கும். எனவே வெட்டு, அட்டையின் பக்க அகலத்தில் பாதிக்கும் குறைவாகவே இருக்க வேண்டும். ஒட்டும் உருவம் பட்டையைத் தாண்டி முன்னே நீளுமானால் அதற்கும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். முடிந்த தாளைச் சற்றுப் பெரிய கெட்டி அட்டைக்குள் ஒட்டி வெட்டுத் துளையை மறைத்துவிடலாம். பட்டையின் பின்புறம் மட்டும் பசை படக் கூடாது.

எழுதுதல்

உட்பக்கத்தில் நேரடியாக எழுதுவதைவிட, அட்டையைவிட எல்லாப் பக்கமும் 5 மி.மீ. சிறிதாக வெட்டிய மெல்லிய வெள்ளைத் தாளில் எழுதி உள்ளே ஒட்டுவது நல்லது. எழுத்து பிசகினால் தாளை மட்டும் மாற்றலாம், அட்டை தப்பிவிடும். அந்தத் தாளையும் நடுவில் மடித்து, மடிப்பை ஒட்டிய ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் பசை தடவி உள்ளே செருக வேண்டும். முழுவதும் ஒட்டினால் அட்டையை மூடும்போது சுருக்கம் விழும்.

தமிழில் மெய்யெழுத்தின் புள்ளியும் ‘இ’கரக் கொக்கியும் மேலே ஏறுகின்றன, ‘உ’கரக் குறிகள் கீழே இறங்குகின்றன. அதனால் வரிக்கும் வரிக்கும் இடையே தாராளமாக இடம் விட வேண்டும். பென்சிலால் இலேசாகக் கோடிட்டு, ஒரு கழிவுத் தாளில் வாசகத்தை எழுதிப் பார்த்து, அதன் நீளத்தை அளந்து, நடுவை அட்டையின் நடுவோடு பொருத்திய பின்னரே மையில் எழுத வேண்டும். பென்சில் கோட்டை அழிக்க மை முழுதாகக் காயும் வரை பொறுக்க வேண்டும். காய்ந்துவிட்டது என்று நமக்குத் தோன்றும் நேரத்துக்குப் பிறகு இன்னும் பத்து நிமிடம் விடுவது நல்லது.

‘வாழ்த்துகள்’ என்று எழுதுவதா, ‘வாழ்த்துக்கள்’ என்று எழுதுவதா என்ற வழக்கு உங்கள் வீட்டிலும் எழக்கூடும். இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. ‘க்’ சேராத வடிவமே சரி என்பவர்கள் பலர், நானும் அவர்களுள் ஒருவன். எதுவாயினும், எழுத்துகளைத் தாளில் வெட்டி ஒட்டப் போகிறவர்கள் முதல் எழுத்தை ஒட்டுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். பிறகு ஒரு ‘க்’கை நுழைக்க இடமிருக்காது.

உறை

ஏ6 அட்டைக்குப் பொருந்தும் உறையைச் சி6 என்பார்கள். அதன் அளவு 114 × 162 மி.மீ. அதை வாங்க வேண்டிய தேவையில்லை. ஒரு சாதாரண ஏ4 தாளிலேயே செய்துவிடலாம். தாளை நெட்டுக்குத்தாக வைத்து, இடமும் வலமும் ஓரத்திலிருந்து 27 மி.மீ. உள்ளே ஒவ்வொரு கோடு போட வேண்டும். பிறகு கீழ் ஓரத்திலிருந்து 100 மி.மீ. உயரத்தில் ஒரு கோடும், அதற்கு மேல் 113 மி.மீ. தள்ளி இன்னொரு கோடும் குறுக்கே போட வேண்டும். இப்போது தாள் ஒன்பது கட்டங்களாகப் பிரிந்திருக்கும். நான்கு மூலைக் கட்டங்களையும் வெட்டி எடுத்துவிட்டால் கூட்டல் குறியைப் போன்ற வடிவம் மிஞ்சும். மேல் மடலின் உயரத்தை 5 அல்லது 6 செ.மீ. அளவுக்குக் குறைத்து, அதன் இரு மூலைகளையும் சாய்வாகச் சீவிவிட வேண்டும்.

கோடுகளில் பேனாவால் கீறி, முதலில் பக்க மடல்களை உள்ளே மடித்து, அவற்றின் மேல், ஓரத்தை ஒட்டி மட்டும் பசை தடவி, கீழ் மடலை மேலே மடித்து ஒட்ட வேண்டும். பசை உட்பக்கம் கசிந்தால் உறையின் முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளும்; ஒரு துண்டுத் தாளை உள்ளே செருகி வைத்துக் காயவிட்டு, பிறகு உருவிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. அட்டையைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் 4 மி.மீ. இடைவெளி இருக்கும். தட்டையான அட்டைக்கு அது தாராளம். பொத்தானோ தையலோ உள்ள அட்டைக்குப் பக்க மடல்களை 24 மி.மீ. ஆகக் குறைத்து உறையைச் சற்று அகலமாக்கிக்கொள்ளலாம்.

அஞ்சலில் அனுப்புவதென்றால் புடைத்து நிற்கும் அலங்காரத்தைத் தவிர்ப்பது நல்லது. உறைகளை எந்திரங்கள் பிரிக்கும் இடங்களில் பொத்தான்கள் உறையைக் கிழித்துவிடக்கூடும்; தடிமன் கூடினால் கட்டணமும் கூடக்கூடும். காய்ந்த பூக்கள் ஒட்டிய அட்டையின் மேல் ஒரு மெல்லிய தாளையும், உறைக்குள் அட்டையின் பின்னால் ஒரு கெட்டி அட்டைத் துண்டையும் வைத்தால் அவை நொறுங்காமல் போய்ச் சேரும். முகவரியை உறைக்குள் அட்டையை வைப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். இல்லையேல் பேனாவின் அழுத்தம், பாடுபட்டுச் செய்த முன்பக்கத்தில் தடமாகப் பதிந்துவிடும்.